சாது நாய்: தற்காலிக வளர்ப்பில் குணம் அறிதல்

1. பொருளும் எல்லையும்

மீட்கப்பட்ட நாயை, நிரந்தர வீடு அமையும்வரை ஒரு குடும்பம் தன்னிடம் வைத்துப் பராமரிப்பதே தற்காலிக வளர்ப்பு. சென்னை ஆர்வலர்கள் இதை ‘ஃபாஸ்டர்’ என்கிறார்கள். காப்பகங்களின் இடநெருக்கடிக்குக் கண்ட மாற்றாகவே இது பொதுவாகப் பேசப்படுகிறது. நெருக்கடி உண்மைதான். ஆனால் இதன் முதன்மைப் பயன், நாயின் குணத்தை ஒரு வீட்டுக்குள் வைத்து அறிந்து, தத்தெடுப்பவரிடம் உள்ளபடி சொல்ல முடிவதே. அவ்வாறு அறிவதில் முரட்டு நாயைவிடச் சாதுவான நாயே அதிகம் ஏமாற்றுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எந்த நாய்க்கு இது வேண்டும் என்பதையும் வரையறுக்க வேண்டும். தெருநாய்க் கருத்தடையை 1960களிலேயே முன்னெடுத்தது சென்னையின் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ். மாநகராட்சி 1996இல் அதை ஏற்றது. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. ஆகவே, டீக்கடை வாசலில் பழகிய முகங்களோடு நிம்மதியாக வாழும் நாயைப் பரிதாபப்பட்டு அடுக்ககத்துக்குள் கொண்டுவருவது மீட்பு ஆகாது. தாயை இழந்த குட்டி, விபத்தில் அடிபட்டது, வளர்த்தவரே தெருவில் விட்ட லேப்ரடார் போன்றவையே இதற்கு உரியவை.

2. இருவகை அமைதி

வந்த அன்று நாய் மூலையில் படுத்துவிடுகிறது. குரைப்பதில்லை, தொட்டால் நகர்வதில்லை, ஊசி போட்டாலும் முனகுவதில்லை. “என்ன சாது பாருங்க!” என்று வீடே மெச்சுகிறது. அது அமைதியா, அச்சத்தில் உறைந்த நிலையா?

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் நடத்திய கொடூரமான சோதனை இங்கே பொருந்தும். தப்ப வழியின்றி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களில் பல, பின்னர் தடுப்பைத் தாண்டித் தப்ப முடிந்தபோதும் முயலாமல் கிடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவையும் சாதுதான்.

வேறுபாட்டை உடல் காட்டிக்கொடுக்கும். இறுக மூடிய வாய், காரணமில்லாத கொட்டாவி, அடிக்கடி உதட்டை நக்குதல், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிதல், ஆள் நகர்ந்த பிறகே தட்டை நெருங்குதல் ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். எளிய சோதனை ஒன்றும் உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்து, மார்பை மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். சாய்ந்து வந்தாலோ மூக்கால் கையை இடித்தாலோ அதற்கு விருப்பம் உண்டு. முகத்தைத் திருப்பினால், அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

நோயும் சாதுவாக்கும். நம் ஊர்த் தெருக்களில் பரவலான உண்ணிக் காய்ச்சல், தட்டணுக்களைக் குறைத்து நாயைச் சோர வைக்கும். ஆகவே ரத்தப் பரிசோதனைக்கு முன் குணத்தைப் பற்றிப் பேசுவதே வீண். மருந்து முடிந்து தெம்பு வந்ததும், அந்தப் பரம சாது உங்கள் செருப்பைக் கடித்துக் குதறலாம். அதை நல்ல செய்தி என்றே கொள்ளவேண்டும்.

3. வீடு செய்வது

காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாள்களில் நாயின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர் ஹென்னஸியும் சகாக்களும் 1997இல் காட்டினர். லிசா கன்டர் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்கள் ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைக்கப்பட்டன. கார்ட்டிசால் குறைந்தது, இடையறாத ஓய்வு நீண்டது, காப்பகம் திரும்பியதும் கார்ட்டிசால் பழைய அளவுக்கே போனது. வீடு அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதோடு, காப்பகத்தில் கணித்த குணத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கும் இது சான்று.

ஆயினும் தெருவில் பிறந்த நாய்க்கு வீடு முதலில் அந்நிய நிலம். மிக்ஸி அலறல், குக்கர் விசில், லிஃப்ட் கதவு, கால் வழுக்கும் டைல்ஸ் எல்லாமே புதியவை. மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரையிலான வயதில் எதற்குப் பழகுகிறதோ அதுவே நாய்க்கு இயல்பு உலகம். பிறகு வருவதை மெல்ல மெல்லத்தான் ஏற்கும். டைல்ஸ்மேல் பழைய கோணிச் சாக்கை வழியாக விரித்தால், மிரண்ட நாய்கூட அடுப்பங்கரை வாசல்வரை வந்து எட்டிப்பார்க்கும்.

உணவு, மருந்து, பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: வெறும் தயிர்சாதம் போதாது, புரதம் வேண்டும், வெங்காயமும் திராட்சையும் கூடாது. பார்வோ போன்ற தொற்றைத் தவிர்க்க, வந்த நாயை வீட்டு நாயிடமிருந்து இரண்டு வாரம் பிரித்துவைப்பது நலம். எவ்வளவு சாதுவானாலும் பல் அல்லது நகம் பட்டுக் காயமானால், சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பட்டாசுக்கு நாய் மிரண்டோடும் தீபாவளி வாரத்தில் கதவைக் கவனிக்காதவர் நாயைத் தேடி அலைய நேரிடும்.

4. கையளிப்பு

தத்துக் கேட்டு வருபவரின் முதல் கேள்வி பெரும்பாலும் “ஆண் குட்டியா?” என்பது, அடுத்தது “கடிக்குமா?” பெண் என்றால் குட்டி போடுமே என்ற தயக்கத்தில் எழும் முதலாவதற்குக் கருத்தடையே விடை. இரண்டாவதற்கு “ரொம்ப சாது” என்று சொல்லி முடிப்பது பொறுப்பற்றது. வளர்த்தவர் தரவேண்டிய குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘அந்நியர் வந்தால் கட்டிலுக்கடியில் போகும், சற்று நேரத்தில் தானே வந்து முகரும். சாப்பிடும்போது தட்டில் கை வைத்தால் உறுமும். சிறு குழந்தைகளோடு பழகியதில்லை.’ இதைக் கேட்டுச் சிலர் பின்வாங்குவார்கள். பின்வாங்கட்டும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22இல் பிறப்பித்த ஆணை, தத்தெடுக்கப்பட்ட நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தத்தெடுத்தவர்மேல் வைக்கிறது. பட்டினியும் தாகமும் நேரும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் வதைத்தடுப்புச் சட்டப்படியும் குற்றம். நடைமுறையில் இவற்றைவிடப் பயன் தருவது, ஒத்துவராவிட்டால் நாயைத் தம்மிடமே திருப்பித் தரவேண்டும் என்று தற்காலிக வளர்ப்பாளர் எழுதி வாங்கும் ஒப்புதல். திரும்பி வந்த நாயை முதல்நாள் போலவே மறுபடி கவனிக்க வேண்டும். இடைப்பட்ட வீட்டில் அது வேறொரு நாயாகியிருக்கக்கூடும். பிரிய மனமின்றித் தாமே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதில் குறைசொல்ல ஏதுமில்லை. அடுத்த நாயை ஏற்க அந்த வீட்டில் இடம் இருக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே மீட்புக் குழுவிடம் சொல்லிவிட வேண்டும்.