தேசிய சம்பல் சரணாலயம்

தேசிய சம்பல் சரணாலயம் என்பது வட இந்தியாவில் சம்பல் ஆற்றின் 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தையும் அதன் கரைகளையும் உள்ளடக்கிய, நன்னீர் உயிரினங்களுக்கான பாதுகாக்கப்பட்ட பகுதியாகும். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவியுள்ள இது, 1975இல் நடுவண் அரசு தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடர்ந்து, 1978-79ஆம் ஆண்டுகளில் அம்மாநில அரசுகளால் அறிவிக்கப்பட்டது.

ஆறும் நிலமும்

இந்தூருக்கு அருகே விந்திய மலைத்தொடரில் தோன்றி, ஏறத்தாழ 960 கிலோமீட்டர் ஓடி யமுனையில் கலக்கும் சம்பல், கங்கைச் சமவெளியின் தூய்மையான ஆறுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மழைநீர் அரித்த ஆழ்ந்த மண்பள்ளங்கள் இரு கரைகளிலும் நெடுந்தொலைவு பரவியிருப்பதாலும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கொள்ளைக் கூட்டங்கள் அப்பள்ளங்களில் மறைந்து வாழ்ந்ததாலும், சரணாலயப் பகுதியில் பெருநகரங்களும் ஆலைகளும் பெருகவில்லை.

உயிரினங்கள்

இச்சரணாலயத்தின் முதன்மையான விலங்கு, மீனையே பெரிதும் உண்டு வாழும் சொம்புமூக்கு முதலை ஆகும். நூற்றுக்கும் மேற்பட்ட கூரிய பற்களைக் கொண்ட இதன் தாடை நீண்டு மெலிந்திருக்கும். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சொம்பு கவிழ்த்தது போன்ற புடைப்பு தோன்றுகிறது, மூச்சுக்காற்று அதனுள் அதிர்வதால் எழும் ஒலி இனப்பெருக்கக் காலத்தில் உதவுகிறது. மிக அருகிவிட்ட இனமாக 2007இல் வகைப்படுத்தப்பட்ட இம்முதலைகளில் இயற்கைச் சூழலில் எஞ்சியுள்ளவற்றின் பெரும்பகுதி சம்பலிலேயே வாழ்கிறது. 2007-08 குளிர்காலத்தில் இங்கு நூற்றுக்கும் மேற்பட்ட முதலைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. நச்சுப்பொருள் காரணமாக இருக்கலாம் என்று ஐயம் எழுந்தது. அதன்பின், சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், முதலைகளின் உடலில் வானொலி அலைபரப்பிகளைப் பொருத்தி அவற்றின் நடமாட்டத்தைப் பதிவுசெய்து வருகின்றனர்.

சதுப்புநில முதலை, கங்கை ஆற்று ஓங்கில், நீர்நாய் ஆகியவையும் எட்டு வகை ஆமைகளும் இவ்வாற்றில் உள்ளன. அவற்றுள் செம்முடிக் கூரை ஆமையின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் கழுத்திலும் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களைப் பெறுகிறது. கீழலகு மேலலகைவிட நீண்ட இந்திய ஸ்கிம்மர் என்னும் பறவை, பறந்தவாறே கீழலகால் நீர்ப்பரப்பைக் கீறிச் சென்று மீன் பிடிக்கிறது.

மணல்திட்டும் நீர்வரத்தும்

முதலை, ஆமை, ஸ்கிம்மர் ஆகிய மூன்றும் நீர் வற்றும் மாதங்களில் வெளிப்படும் மணலிலேயே முட்டையிடுகின்றன. மார்ச் இறுதி முதல் ஏப்ரல் வரை மணலைத் தோண்டி முட்டையிடும் பெண் முதலையின் குஞ்சுகள், மழைக்காலம் தொடங்குமுன், பெரும்பாலும் ஜூன் வாக்கில் வெளிவருகின்றன; அவற்றைக் கூட்டமாக வைத்துப் பெரிய ஆண் முதலைகளும் காவல் காக்கின்றன. நீர்மட்டம் அளவுக்கு மீறிக் குறைந்தால், ஆற்றிடைத் திட்டுகள் கரையோடு இணைந்துவிட, நாயும் நரியும் கால்நடைகளும் பறவைக் கூடுகளை எட்டிவிடுகின்றன. அணையிலிருந்து நீர் திடீரெனத் திறக்கப்பட்டால் கூடுகள் மூழ்குகின்றன. தடைகளை மீறி நடக்கும் மணல் அள்ளுதல், கூடு கட்டும் இடத்தையே இல்லாமற் செய்கிறது.

பார்வையிடல்

அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலமே பார்வையிட ஏற்றது. குளிர்காலத்தில் முதலைகள் உடலை வெப்பப்படுத்திக்கொள்ள மணலில் நெடுநேரம் கிடப்பதாலும், பட்டைத்தலை வாத்து போன்ற வலசைப் பறவைகள் வந்து சேர்வதாலும், அவற்றைப் படகிலிருந்தே தெளிவாகக் காணலாம். ராஜஸ்தானின் பாலிகாட், மத்தியப் பிரதேசத்தின் மொரேனா வட்டாரம், ஆக்ரா மாவட்டத்தின் பாஹ் பகுதி ஆகிய இடங்களிலிருந்து படகுகள் செல்கின்றன. மொரேனாவுக்கு அருகிலுள்ள தேவரி வளர்ப்பு நிலையத்தில், ஆற்றங்கரையில் சேகரித்த முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்து, பின்னர் ஆற்றில் விடும் முறையைக் காணலாம்.

படகோட்டிகள் கூடு உள்ள திட்டுகளை நெருங்காமல் விலகிச் செல்வதும், பார்வையாளர் அங்கு இறங்காதிருப்பதும் இன்றியமையாதவை. கலைந்து பறக்கும் பறவைகள் வெயிலில் விட்டுச்செல்லும் முட்டைகள் எளிதில் கெட்டுவிடும். எனினும் பார்வையாளரின் ஒழுங்கால் மட்டும் இவ்வாழிடம் நிலைத்துவிடாது. காந்தி சாகர், ராணா பிரதாப் சாகர், ஜவகர் சாகர் அணைகளும் கோட்டா தடுப்பணையும் சரணாலயத்தின் மையப் பகுதிக்கு மேற்பக்கம் நீரைத் தேக்குவதால், கோடையில் அவற்றிலிருந்து எவ்வளவு நீர் விடப்படுகிறது என்பதே இங்குள்ள உயிரினங்களின் எதிர்காலத்தைப் பெரிதும் முடிவுசெய்கிறது.