தரங்கம்பாடிக்கு வந்த ஐஸ்லாந்துக்காரர்

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் 1620-ல் டென்மார்க் நாட்டவருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி காவிரி டெல்டாவின் கடற்கரை ஊரான தரங்கம்பாடியில் டேனியர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். மிளகு வியாபாரம்தான் நோக்கம். ஆனால் முதல் கப்பல்களில் புறப்பட்ட பலர் ஊரைப் பார்க்காமலே நடுக்கடலில் நோயால் இறந்தார்கள். அவர்களுடைய பெயர்களை இன்று யாரும் சொல்வதில்லை.

அப்படி மறக்கப்படாமல் தப்பியவர் யோன் ஓலாஃப்சன். 1593-ல் ஐஸ்லாந்தில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். டென்மார்க் மன்னரிடம் பீரங்கி சுடும் வேலையில் சேர்ந்தார். 1622-ல் கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மறு ஆண்டு தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். குளிர் நாட்டுக்காரருக்கு இங்கே எல்லாமே புதுமை. கோயில்களையும், அங்கு நடனமாடிய பெண்களையும், ஊர் மக்களின் பழக்கவழக்கங்களையும் வியப்போடு கவனித்தார்.

கோட்டையில் நடந்த வெடிவிபத்து ஒன்றில் படுகாயம் அடைந்ததால் அவருடைய இந்திய வாழ்க்கை சீக்கிரமே முடிந்தது. ஊர் திரும்பி, பல ஆண்டுகள் கழித்து, 1661-ல் முதுமையில்தான் தன் கதையை ஐஸ்லாந்து மொழியில் எழுதினார்.

1845-ல் டேனியர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ஒப்பந்தங்களில் மன்னர்களும் தளபதிகளும் மட்டுமே இருக்கிறார்கள். அன்றைய துறைமுகத்தை ஒரு கூலிக்காரரின் கண்ணால் இன்று பார்க்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அந்தக் காயம்பட்ட பீரங்கிக்காரர் எழுதி வைத்ததுதான். அவரோடு வேலை செய்த உள்ளூர்க்காரர்களில் ஒருவராவது இப்படி எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!