துரை கொடுத்த கவுல்

மாமல்லபுரத்துக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது போய் வராவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. போனால் அர்ஜுனன் தபசுப் பாறைக்கு முன்னால் அரை மணி நேரமாவது நிற்பேன். தபசு செய்கிறவன் அர்ஜுனனா, பகீரதனா என்ற வழக்கைப் பண்டிதர்களிடம் விட்டுவிட்டேன். என் அபிமானம் எல்லாம் கீழே இரு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அந்தப் பூனையின் மேல்தான். சென்ற தை மாதம் போனபோது பூனையை விட்டுக் கொஞ்சம் மேலேயும் பார்த்தேன். மிருகங்களுக்கு நடுவே வேடர்களும் இருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்து ஓடவில்லை.

"கல்லிலேதான் இது நடக்கும்" என்றேன், கூட வந்த நண்பரிடம்.

"ஏன், வேடன் பெயரையே வைத்துக்கொண்டு பறவைகளைக் காப்பாற்றுகிற ஊர் உங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறதே! வேடந்தாங்கலைப் பார்த்ததில்லையா?" என்றார் அவர்.

செங்கற்பட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். ஊட்டி ஏரியில் படகு விட்டிருக்கிறேன். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வந்து ஒரு கதையே எழுதியிருக்கிறேன். வேடந்தாங்கலைப் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் போல இருக்கும். "இப்போதே போவோம்" என்று கிளம்பிவிட்டோம்.

வழியில் திருக்கழுக்குன்றம். அந்த மலையைக் கண்டதும் பாட்டியின் ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். உச்சியில் உச்சி வேளையில் சர்க்கரைப் பொங்கலோடு ஒருவர் காத்திருந்தார். வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்றோம். எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கழுகு வந்து இறங்கிற்று. காசியில் நீராடிவிட்டு, இங்கே உண்டுவிட்டு, ராமேசுவரத்துக்குப் போகிற கழுகு என்பது ஐதீகம். இரண்டு வர வேண்டும், ஒன்றுதான் வந்தது. பாட்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்தக் கழுகுகளால்தான் ஊருக்கே பட்சிதீர்த்தம் என்று ஒரு பெயர். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையிலிருந்த டச்சுக்காரர்கள்கூடப் பதினேழாம் நூற்றாண்டில் இந்த மலைக்கு வந்து, இங்குள்ள குடைவரைக் கோயிலில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லைக் கண்டால் பெயர் எழுதும் ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல!

அந்தக் கழுகுகள் இப்போது வருவதில்லை. 1990களோடு நின்றுவிட்டன. நாடு முழுவதுமே கழுகுக் குலம் அநேகமாக அற்றுப்போயிற்று. மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகைக் கொன்றது என்று கண்டுபிடித்து, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இந்த மலைக் கழுகுகளுக்கும் அதுதான் யமனா என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ தலைமுறையாகப் பொங்கல் வைத்துக் கும்பிட்ட பறவையை அந்தக் கும்பிடு காப்பாற்றவில்லை. அது மட்டும் வண்டியில் போகும்போது மனசை அரித்துக்கொண்டே இருந்தது.

செங்கற்பட்டைத் தாண்டி, படாளத்தில் திரும்பி, வயல்களுக்கு நடுவே போனோம். ஏரி கண்ணில் படுவதற்கு முன் இரைச்சல் காதில் விழுந்தது. கல்யாண வீட்டுப் பந்தி இரைச்சல் போல! கரையேறிப் பார்த்தேன். சின்ன ஏரிதான். முப்பது ஹெக்டேர், அதாவது எழுபத்தைந்து ஏக்கருக்குள் அடங்கிவிடும். தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலும் நிற்கின்றன. மரத்தில் இலை தெரியவில்லை, பறவைதான் தெரிகிறது. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா, பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கூழைக்கடா. ஜாதிக்கு ஒரு கிளை என்று பிரித்துக்கொண்டு குடித்தனம் நடக்கிறது. ஐப்பசி மழைக்கு வந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பங்குனி வெயிலுக்குள் மூட்டை கட்டிவிடுமாம்.

வேடந்தாங்கல் என்றால் வேடர்கள் தங்கிய ஊர் என்று பொருள் சொல்வது வழக்கம். எனக்கு அது முழுச் சமாதானமாக இல்லை. தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கல் மாதிரி எத்தனை தாங்கல்கள்! பெயரில் பாதி வேடன் என்றால், பாதி தண்ணீர். வேடன் போய்விட்டான், தண்ணீர் இருக்கிறது.

சரித்திரத்துக்கு வருவோம். 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மதலி இந்தச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780இல் ஹைதர் அலியின் படை வந்து ஊர் ஊராகச் சூறையாடிற்று. பின்னாலேயே பஞ்சமும் வந்தது. ஜனங்கள் ஓடினார்கள், ஏரிகள் தூர்ந்தன. இப்படிக் கிடந்த ஜாகீருக்கு 1794இல் கலெக்டராக வந்து சேர்ந்தார் லயனல் பிளேஸ் என்ற துரை. தர்மவான் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். கும்பினியாரின் கஜானாவை நிரப்ப வந்தவர். வரியை ஏற்றினார், இணங்காத மிராசுதார்களிடம் கண்டிப்பாக நடந்துகொண்டார். ஆனால் ஒரு விஷயம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் கஜானாவில் பணம் இல்லை. கோயில் நடக்காவிட்டால் குடிகள் ஊரில் தங்கமாட்டார்கள். ஆகவே ஏரியையும் கவனித்தார், கோயிலையும் கவனித்தார்.

பக்கத்து மதுராந்தகத்தில் இவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வருஷா வருஷம் உடைப்பெடுக்கும் ஏரி. அந்த வருஷம் உடையாவிட்டால் தாயார் சந்நிதியைக் கட்டித் தருகிறேன் என்றாராம் துரை. அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவர், இரண்டு வாலிபர்கள் வில்லும் கையுமாகக் காவல் நிற்பதைக் கண்டாராம். அன்று முதல் அந்த ராமர் ஏரிகாத்த ராமர். நடந்ததோ இல்லையோ, துரையின் பெயர் அந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது.

வேடந்தாங்கல் கதையில் வில் இல்லை, துப்பாக்கிதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து கூட்டில் இருந்த பறவைகளைச் சுட்டார்கள். குடிகள் கூட்டமாகப் போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் பிளேஸ் துரை ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். இந்த ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது, காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று. கவுல் என்றால் வாக்கு, உடன்படிக்கை. குத்தகைக்கும் வரிக்கும் எழுதுகிற கவுலைக் கொக்குக்கும் நாரைக்கும் எழுதியது இந்தச் சீமையில்தான் என்று எனக்கு ஒரு பெருமை. 1858இல் இன்னொரு கலெக்டர் அதை உறுதி செய்தார். காட்டுப் பறவைகளைக் காக்க இந்தியாவுக்கென்று முதல் சட்டம் வந்தது 1887இல்தான். இங்கிலாந்தில் வாட்டர்டன் என்ற சீமான் தம் எஸ்டேட்டைச் சுற்றி மூன்று மைல் மதில் எழுப்பிப் பறவைகளைக் காத்தது 1820களில். நம் குடியானவர்கள் அதற்கும் முந்தியவர்கள். மதிலுக்குச் செலவும் செய்யவில்லை.

நான் படகு விட்ட ஏரிகளை அப்போது நினைத்துக்கொண்டேன். ஊட்டி ஏரியை 1820களில் வெட்டியவர் கோயமுத்தூர்க் கலெக்டர் சல்லிவன். கொடைக்கானல் ஏரியை 1863இல் உண்டாக்கியவர் மதுரைக் கலெக்டராக இருந்த லெவின்ஞ். அங்கே துரைமார்கள் ஏரியையே செய்தார்கள். இங்கே ஏரியும் ஊராருடையது, யோசனையும் ஊராருடையது. துரை கொடுத்தது காகிதம். அரை நாள் தூரத்து உத்தரமேரூரில் 919லும் 921லும் பொறித்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட வாரியத்தைக் குடவோலையில் தேர்ந்தெடுத்த பூமி இது. ஏரி விஷயத்தில் இவர்களுக்குத் துரை பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு காபந்து எதற்காக? கரையில் மண்வெட்டியோடு வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். எழுபதுக்கு மேல் இருக்கும்.

"புண்ணியத்துக்குத்தான் காப்பாத்துறீங்களா, ஐயா?"

"புண்ணியம் இன்னா தம்பி, புண்ணியம்! அந்தத் தண்ணியைப் பாரு."

பார்த்தேன். சுண்ணாம்பு கரைத்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம். மதகைத் திறந்தால் அது வயலுக்குப் போகிறது.

"அதுதான் எரு. எங்கப்பா காலத்துலே ஒரு படி உரம் வாங்கினது கெடையாது. தீவாளிக்கு ஊர்லே வெடி வெடிக்கமாட்டோம். கூட்டுலே குஞ்சு இருக்கும், பயந்துக்கும். குஞ்சு போனா எரு போச்சு."

பத்மாவதி சரித்திரம் எழுதிய மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1996இல் காலமான பெரிய இயற்கை அறிஞர், இந்த ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பா மனிதர்களைக் கூர்ந்து பார்த்தார், பிள்ளை பறவைகளை. எனக்கு இரண்டும் முழுசாக வரவில்லை. ஆனால் பெரியவரின் முகத்தில் ஒரு வாட்டம் ஓடியதை மட்டும் கவனித்தேன்.

"இப்போ எப்படி ஐயா?"

"இப்போ போர் போட்டுட்டாங்கோ. கடையிலே மூட்டை உரம் வருது. என் பேரன் ஒரகடத்துக் கம்பெனிக்குப் போறான். அவனுக்கு இந்த எச்சம் எதுக்குத் தம்பி?"

2022இல் உலக நாடுகளின் ராம்சார் உடன்படிக்கையின்படி இந்த ஏரியின் பெயரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். காகிதம் ஒன்று கூடியிருக்கிறது என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"நல்லதுதான். அதுவும் ஒரு கவுலு. ஆனா அந்த 2016லே மழை பேஞ்சுதா? கவுலு இருந்துது, பறவை எங்கே வந்துது?"

பொழுது சாய்ந்தது. மேற்கேயிருந்து நாரைகள் வரிசை வரிசையாக வந்து இறங்கத் தொடங்கின. ஒவ்வொன்றின் வாயிலும் குஞ்சுகளுக்கு ஏதோ இருந்தது. ஏரிக்கரை ரஸ்தாவில் ஒரு வாலிபன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். பெரியவர் அவனைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆரனை அடிக்காதேடா, அடைகாக்குது" என்றார்.

"நான் எங்கே தாத்தா அடிச்சேன்?" என்றான் பேரன், எஞ்சினை அணைத்தபடி. அணைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டே கரை முடிகிற வரைக்கும் தாத்தாவோடு நடந்து போனான்.