எழும்பூர் மணலும் ஆங்கில உபாத்தியாயர்களும்

ஆங்கிலம் அறிந்தவரெல்லாம் ஆங்கிலம் கற்பிக்க வல்லவரே என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றி நிற்கின்றது. தோட்டத்திற் கிராணி வேலை பார்க்கும் எம்மிடம் மாலைதோறும் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரும் இவ்வெண்ணமுடையவரே. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம் பிழையின்றிக் கடிதம் வரைவோம். ஆனால், ஒரு வாக்கியம் ஏன் அவ்வாறு அமைந்ததென்று ஒரு சிறுவன் வினவினால் விழிக்கின்றோம். கற்றல் வேறு, கற்பித்தல் வேறு. இவ்வேறுபாட்டை உலகம் உணர்ந்த வரலாற்றில் சென்னைப்பட்டினத்திற்கும் ஒரு பங்குண்டு.

ஸ்காட்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு நாவிதரின் மைந்தராக 1753-ம் ஆண்டிற் பிறந்தவர் ஆண்ட்ரூ பெல். பாதிரியாகிய அவர் 1787-ல் சென்னைக்கு வந்து, 1789-ல் எழும்பூரில் ஏற்பட்ட ஆண் அநாதைகள் பள்ளிக்குத் தலைவரானார். ஐரோப்பியப் படைவீரருக்குப் பிறந்த சிறுவர்களே ஆங்கு மாணவர். தலைமைப் பதவிக்குரிய சம்பளத்தை அவர் வேண்டாமென்றார். (பல படைப்பிரிவுகளின் பாதிரிப் பதவிகளை ஒருங்கே வகித்தவருக்கு அஃது எளிதே!) அவருடைய துணை உபாத்தியாயர்களின் நிலையோ வேறு. வேலையிற் சிறிது தேர்ச்சி பெற்றதும், அதிகச் சம்பளம் தரும் பிற உத்தியோகங்களை நாடி அவர்கள் போய்விட்டனர். எஞ்சியவரிடம் ஊக்கமில்லை, தம்மால் இயலும் என்னும் நம்பிக்கையுமில்லை.

ஒரு நாட் காலை குதிரைமீது செல்லுங்கால், ‘மலபார்’ பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதக் கண்டார் பெல். தமிழரை அக்காலத்து ஆங்கிலேயர் மலபார் என்றே வழங்கினர். உடனே தம் பள்ளிக்கு மீண்டு, ஆங்கில எழுத்துக்களையும் அவ்வாறே கற்பிக்குமாறு உபாத்தியாயரைப் பணித்தார். “அது முடியாத காரியம்” என்பதே விடையாயிற்று. பெல் சினந்தாரில்லை. ஒரு சாதாரணப் படைவீரனின் மகனாகிய ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதளவினனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர் முடியாதென்றதைச் சிறுவன் செய்து முடித்தான்! பின்னர், வகுப்புக்கு வகுப்பு மாணவரே கற்பிப்போராயினர். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தோர்க்கு இஃது அதிசயமன்று. அத்திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அமர இடமிருந்ததில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை.

1797-ல் பெல் இம்முறையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு அஃது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆனால், செல்வர் பலர் அதிற் கண்ட பெருமை யாது? செலவு குறைவென்பதே! உபாத்தியாயருக்கு ஊக்கமில்லையெனின், ஊதியமும் பயிற்சியும் தருவதன்றோ வழி? அவர்களோ உபாத்தியாயரையே குறைத்தனர். நேற்றுக் கற்றதை இன்று ஒப்பிக்கும் சிறுவனால் அதற்கப்பால் ஓரடியும் அழைத்துச் செல்ல இயலவில்லை. ஆகவே 1846-ல், பதின்மூன்று வயது நிரம்பியோரை ஐந்தாண்டு பழக்கும் மாணவ ஆசிரியர் முறையை அரசாங்கம் ஏற்படுத்திற்று.

மலாயாவின் கதையும் இதற்கு வெகு தூரமன்று. இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன்பு ஆங்கிலப் பள்ளிகளின் உள்ளூர் ஆசிரியர் பலர், தாம் படிப்பு முடித்த கையோடு வகுப்பேறியவரே. வாரநாளிற் கற்பித்து, ஓய்வு நேரத்தில் ‘நார்மல்’ வகுப்பிற் பயின்றனர். களைப்போடு கற்றது எவ்வளவு நிலைத்திருக்கும்?

யுத்தத்தின் பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. லிவர்ப்பூல் நகருக்கு அருகே கிர்க்பியில், வெடிமருந்துத் தொழிலாளர் தங்கியிருந்த விடுதிகளில், மலாயா ஆசிரியர்க்கெனவே ஒரு கல்லூரி நடைபெற்றது. 1952-ல் முதல் அணியினர் அங்குப் பயின்றனர். 1962-ல் அது மூடப்பட்டது. மலாய், சீன, இந்திய இளைஞரும் யுவதிகளும் ஒரே கூரையின்கீழ் ஈராண்டு தங்கி, கற்பித்தலையே தொழிலாகக் கற்றனர். 1957 ஆகஸ்டு 31-ல் விடுதலை என்னும் செய்தியை 1956 பிப்ரவரி 7-ல் துங்கு அப்துல் ரஹ்மான் அம்மாணவர் முன்னிலையில் அறிவித்தார். அதைக் கேட்டவர்கள் பழகிய வேலை யாது தெரியுமா? அண்டைப் பள்ளிகளுக்குச் சென்று, கையிற் சுண்ணக்கட்டியுடன் ஆங்கிலேயச் சிறுவர்களுக்கே பாடம் நடத்திப் பழகினர்.