துப்பாக்கிப் போட்டியிலிருந்து விங்ஸ்பேன் வரை

 இந்த எபிசோட்ல நாம பார்க்கப்போறது ஒரு போர்டு கேமோட வரலாறு. பேரு விங்ஸ்பேன். பறவை சிறகை முழுசா விரிச்சா இருக்கிற அகலம்னு அர்த்தம். இது 2019ல அமெரிக்காவில் வெளிவந்தது. ஆனா கதையை அங்கே ஆரம்பிச்சா பாதிதான் புரியும். அதனால நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போயிட்டு வருவோம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. கிறிஸ்துமஸ் சமயத்துல அங்கே ஒரு போட்டி நடக்கும். 'சைட் ஹண்ட்'னு சொல்லுவாங்க. ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிஞ்சு துப்பாக்கியோட கிளம்புவாங்க. பறவையோ விலங்கோ, கண்ணுல பட்டதைச் சுடுவாங்க. கடைசியில யாரோட குவியல் பெருசோ அந்த அணி ஜெயிச்சது. பண்டிகை நாள் பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

ஃபிராங்க் சாப்மன்னு ஒரு பறவையியலாளர். நியூயார்க்ல இருக்கிற அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை. 'பேர்ட் லோர்'னு ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1900 டிசம்பரில் அவர் தன் வாசகர்களிடம் ஒரு யோசனை சொன்னார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வெளியே போங்க, பறவைகளைச் சுடாம எண்ணுங்க, பட்டியலை எனக்கு அனுப்புங்க, நான் அச்சடிக்கிறேன். அந்த முதல் வருஷம் 27 பேர் 25 இடங்கள்ல எண்ணினாங்க. கிட்டத்தட்ட 90 வகைப் பறவைகள் பதிவாச்சு. கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு என்ற பேருல அது இன்னைக்கும் வருஷா வருஷம் நடக்குது. இப்போ பல்லாயிரம் பேர் கலந்துக்குறாங்க.

சாப்மன் செஞ்சதைக் கொஞ்சம் கவனிங்க. பண்டிகை நாள், நண்பர்களோட வெளியே போறது, சாயங்காலம் கணக்குப் பார்க்கிறது, இதெல்லாம் அப்படியேதான் இருந்தது. எதுக்கு மார்க் போடுறோம் என்பதை மட்டும் மாத்தினார். மென்பொருள் எழுதுறவங்களுக்கு இது நல்லாப் புரியும். ஸ்கோர் போடுற ஒரு வரியை மாத்தினா, மொத்த புரோகிராமும் வேற மாதிரி நடக்க ஆரம்பிச்சுடும்.

இப்போ 2019க்கு வருவோம். எலிசபெத் ஹார்கிரேவ், மேரிலாந்து மாநிலத்துக்காரர், சுகாதாரக் கொள்கை ஆலோசகரா இருந்தவர். போர்டு கேமும் பிடிக்கும், பறவை பார்க்கவும் பிடிக்கும். ஆனா கடையில கிடைச்ச நல்ல கேம்ல பாதி கோட்டை, வியாபாரம், விண்வெளினு இருந்தது. தனக்குப் பிடிச்சதைப் பத்தி ஏன் ஒரு கேம் இல்லைனு அவரே உருவாக்க உட்கார்ந்தார். கார்னெல் பறவையியல் ஆய்வகம் மாதிரியான இடங்கள்ல இருந்து தகவல் எடுத்து ஒரு பெரிய ஸ்ப்ரெட்ஷீட் போட்டார். எந்தப் பறவை எங்கே வாழுது, என்ன சாப்பிடுது, எப்படிக் கூடு கட்டுது, சிறகு எத்தனை சென்டிமீட்டர், எல்லாம் அதுல இருந்தது. பல வருஷ உழைப்புக்கு அப்புறம் 170 பறவைக் கார்டுகளோட விங்ஸ்பேன் வெளிவந்தது. அதே வருஷம் ஜெர்மனியோட 'கென்னர்ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதும் கிடைச்சது.

விளையாட்டு இப்படி. ஒவ்வொருத்தர் முன்னாடியும் ஒரு பலகை. அதுல காடு, புல்வெளி, நீர்நிலைனு மூணு வரிசை. காட்டுல ஆடினா தீனி கிடைக்கும், புல்வெளியில ஆடினா முட்டை வைக்கலாம், நீர்நிலையில ஆடினா புது கார்டு எடுக்கலாம். ஒரு வரிசையில பறவை கூடக்கூட அந்த வரிசையோட பலன் கூடும். மொத்தம் 4 சுற்று. முதல் சுற்றுல 8 வாய்ப்பு, அப்புறம் 7, 6, 5. யாரும் யாரையும் வெட்ட முடியாது, ஆட்டத்தை விட்டு வெளியேத்தவும் முடியாது.

எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதுதான் ஓடும். அம்மா ஜெயிக்கிறதைப் பத்திக் கவலைப்படவே மாட்டாங்க. மாத்திரை மாதிரி இருக்கிற அந்தக் கலர் கலர் முட்டைகளை அடுக்கிட்டே இருப்பாங்க. ஒருநாள் கவ்பேர்ட் கார்டு வந்தது. அடுத்தவர் முட்டை வைக்கும்போது, கவ்பேர்ட் வெச்சிருக்கிறவரும் கிண்ணக் கூடு இருக்கிற தன் பறவை ஒண்ணு மேல ஒரு முட்டை வைக்கலாம். நான் விதியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அம்மா, "இது நம்ம குயில் காக்கா கூட்டுல முட்டை போடுற கதைதானே"ன்னாங்க. அதேதான். நிஜ கவ்பேர்டும் அடுத்த பறவை கூட்டுலதான் முட்டை போடும். ஹார்கிரேவோட திறமை இங்கே தெரியும். விதியைப் புரிஞ்சுக்கிட்டாலே பறவையைப் புரிஞ்சுக்கிட்ட மாதிரி.

அப்பா வேளாண்மைத் துறையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் ரெண்டு மூணு ஆட்டம் ஆடிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரிடா, மருந்து அடிக்கிற கார்டு எங்க?"

சிரிச்சுட்டு விட்டுடலாம். ஆனா அந்தக் கேள்வி சரியான இடத்துல அடிக்குது. கேம் வந்த அதே 2019, செப்டம்பர் மாசம், 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. 1970ல இருந்து வட அமெரிக்கா ஏறக்குறைய 300 கோடி பறவைகளை இழந்திருக்குனு அது சொல்லுச்சு. இருந்ததுல 29 சதவீதம். அதிகமா அடி வாங்கினது புல்வெளிப் பறவைகள், பாதிக்கு மேல காணோம். புல்வெளிகள் விளைநிலமா மாறுறதும் பூச்சிக்கொல்லியும் அதுக்கு முக்கியக் காரணங்களா சொல்லப்படுது. ஆனா விங்ஸ்பேன்ல நடு வரிசையில இருக்கிற புல்வெளி ஒருநாளும் சுருங்காது. வெச்ச பறவை போகாது. பலகை நிறைஞ்சுக்கிட்டேதான் போகும். அந்த விளையாட்டு நமக்கு நிம்மதியா இருக்கக் காரணமும் அதுதான்.

அதுக்காக நான் கேமைக் குறை சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க அம்மாவுக்கு அழிவைப் பத்தி வகுப்பு எடுக்கிற கேம் தேவையில்லை. ஆனா இன்னொண்ணையும் பாருங்க. 300 கோடினு எப்படித் தெரிஞ்சது? பல பத்து வருஷமா ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் எண்ணி எழுதி வெச்ச கணக்குல இருந்துதான். அதுல சாப்மன் ஆரம்பிச்ச கிறிஸ்துமஸ் கணக்கெடுப்பும் ஒண்ணு. யாரும் எண்ணாம இருந்திருந்தா, குறைஞ்சதே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

நம்ம ஊர்லயும் பொங்கல் விடுமுறையில பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. மொட்டை மாடியிலயோ, குளக்கரையிலயோ 15 நிமிஷம் நின்னு, பார்த்த பறவைகளை எண்ணி இபேர்ட் தளத்துல பதிவு பண்ணினா போதும். காக்கா, மைனா, புறா எல்லாமே கணக்குதான். அடுத்த பொங்கலுக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். வயல்ல எந்தப் பறவை இப்போ வர்றதில்லைனு எங்க வீட்ல அவருக்குத்தான் தெரியும்.