கருத்துக் கட்டுரையின் நம்பகத்தன்மை: மாத்தளைக் கிளர்ச்சி (1848)

கருத்துக் கட்டுரை என்பது செய்தியை மட்டும் அறிவிக்காமல் அதன்மீது தீர்ப்பும் கூறும் எழுத்து. எடுத்துக்காட்டாக, 1848 ஜூலையில் பிரித்தானிய ஆட்சியிலிருந்த இலங்கையில் ‘கொழும்பு ஒப்சேவர்’ இதழ், ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற புனைபெயரில் அரசின் புதிய வரிகளைக் கண்டித்து ஒரு கடிதம் வெளியிட்டது. அது ஆசிரியர் கிறிஸ்தோபர் எலியட் எழுதியதாகவே கருதப்பட்டது. அம்மாத இறுதியில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தபோது, தேசாதிபதி டொரிங்டன் எலியட்டின் எழுத்தே மக்களைத் தூண்டியது என்று குற்றஞ்சாட்டினார்.

இரு தரப்பையும் எடைபோட மூன்று அளவுகோல்கள் உதவும். முதலாவது, எழுதியவரின் நிலை: எலியட் அரசின் வெளிப்படையான விமர்சகர், டொரிங்டனோ அவ்வரிகளை விதித்தவர் என்பதால் பழியை வேறிடத்தில் சுமத்தும் தேவை உடையவர். இரண்டாவது, சரிபார்க்கத்தக்க கூற்றுகளைச் சாடலிலிருந்து பிரித்தறிதல்: துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றுக்கான வரிகளும், ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவோ அதற்கீடாகப் பணம் செலுத்தவோ கட்டாயப்படுத்திய சட்டமும் அரச ஆவணங்களிலேயே உள்ளன. மூன்றாவது, சார்பற்ற விசாரணை: பிரித்தானியப் பாராளுமன்றக் குழு இக்கிளர்ச்சியையும் அது ஒடுக்கப்பட்ட முறையையும் ஆராய்ந்தது, 1850இல் டொரிங்டன் பதவி நீங்கினார்.

சார்புடைய எழுத்து பொய்யாகிவிடுவதில்லை. அதிகாரபூர்வ அறிக்கை என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடுவதுமில்லை.