குடிப்பெருக்கும் கண்டி மலைநாடும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியிலே கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சிறிது தூரஞ் சென்றால் அக்குறணை எதிர்ப்படும். வீதியின் இரு மருங்கிலும் கடைகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றை அணைந்தாற்போலப் பிங்கா ஓயா ஓடுகின்றது. பெருமழை பெய்யுங் காலங்களில் ஓயா கரைபுரண்டு கடைவீதியுட் புகுவது பலமுறை நிகழ்ந்த செய்தி. ஆற்றின் கரையைக் கட்டடங்கள் நெருக்கியமை இதற்கு ஒரு காரணமாகும். கண்டி மாவட்டத்தில் மக்கள் நெருக்கம் மிக்க இடங்களுள் அக்குறணையும் ஒன்று. இந்நெருக்கத்தைக் காண்போர், “மக்கள் பெருகிவிட்டனர்” என்று கூறி அமைந்துவிடுகின்றனர். மக்கள் எப்பொழுது பெருகினர், எதனாற் பெருகினர் என்ற வினாக்களை எழுப்புதல் வரலாற்று மாணவனின் கடமையாகும்.

உலகின் மக்கள் தொகை 100 கோடியை எட்டியது 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாகும். 1960 ஆம் ஆண்டளவில் அது 300 கோடியாயிற்று. 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியது. உணவு கூட்டல் முறையிலும் மக்கள் தொகை பெருக்கல் முறையிலும் வளருமென 1798 இல் மால்தஸ் எழுதிய கருத்து, 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் அறிஞரிடையே அச்சத்தை விளைத்தது. அவ்வச்சத்திற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சுட்டப்பட்ட நாடு இலங்கையே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இலங்கையில் முறையான முதற் குடிசன மதிப்பு 1871 இல் எடுக்கப்பட்டது. அப்பொழுது தொகை 24 இலட்சம். 1901 இல் அது 35 இலட்சத்து 65 ஆயிரமாகியது. இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி பிறப்பினால் விளைந்ததன்று. கடல் கடந்து வந்தோரால் விளைந்தது. கண்டி மலைச்சாரல்களிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றியபோது தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்த பின்னர், 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினர்.

தோட்டங்கள் மக்களைக் கொணர்ந்தன. அதேவேளை நிலத்தைச் சுருக்கின. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுக்கு உரியனவாகக் கொண்டது. கண்டிச் சிற்றூர்கள் மேய்ச்சலுக்கும் சேனைக்கும் பயன்படுத்திய மேட்டு நிலங்கள் பல தோட்டங்களாயின. 1949 இல் நியமிக்கப்பட்டு 1951 இல் அறிக்கை தந்த கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவும் நிலமின்மையைப் பெருங் குறையாக எடுத்துக் காட்டியது. எனவே மலைநாட்டின் நெருக்கம் மக்கள் பெருகியதால் மட்டுமன்றி, நிலம் பங்கிடப்பட்ட முறையாலும் விளைந்தது எனல் பொருந்தும்.

இனி, பெரும் பெருக்கம் நிகழ்ந்த காலத்தை நோக்குவோம். 1934 இற் பருவமழை பொய்த்தது, ஆறுகள் குட்டைகளாயின, நுளம்பு பெருகியது. 1934-35 மலேரியாக் கொள்ளை நோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் கொடிதாகப் பாதிக்கப்பட்டன. கண்டி, மாத்தளைப் பள்ளத்தாக்குகளும் தப்பவில்லை. பின்னர் 1946 ஆம் ஆண்டையொட்டி டீ.டீ.ரீ. மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டது. ஆயிரவருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 ஆக இறங்கியது. 1946 இல் 66 இலட்சத்து 57 ஆயிரமாயிருந்த குடித்தொகை 1981 இல் 1 கோடியே 48 இலட்சமாயிற்று. 1871 இலிருந்து இரு மடங்காவதற்கு 50 ஆண்டுகளுக்கு மேற் பிடித்த தொகை, 1946 இலிருந்து 30 ஆண்டுகளுக்குள் இரு மடங்காயிற்று.

மருந்து தெளித்ததே காரணம் எனப் பலர் முடிவு கட்டினர். ஆயின் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இறப்பு வீழ்ச்சியிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கை மலேரியா ஒழிப்புக்கு உரியதாக்கினார் பீட்டர் நியூமன். 1974 இற் கிறே என்பார் அதனை ஏறத்தாழக் காற்பங்காகக் கணித்தார். மலேரியா அரிதாயிருந்த பகுதிகளிலும் அக்காலத்தில் இறப்பு குறைந்தமையே இவ்வையத்தின் அடிப்படை. போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு, சிற்றூர் மருத்துவமனைகள், தாய் சேய் நலப் பணி, 1945 முதற் கிடைத்த இலவசக் கல்வி ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்து உயிர் காத்தன. 1968-69 இல் மலேரியா மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியபோது இறப்பு வீதம் பழைய நிலைக்கு உயரவில்லை. இஃது அக்கருத்துக்கு வலுவூட்டுகின்றது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுப் பூசலன்று. ஒரு மருந்தே மக்களைப் பெருக்கிற்று என்று கொண்டால், உயிர் பிழைத்தமையே குற்றமென்ற எண்ணம் தோன்றும். மக்கள் மிகையான சுமையாகத் தென்படுவர். அவ்வாறு தென்படத் தொடங்கியவுடன், யாரை மிகை எனக் கொள்வது என்ற வினா எழும். 1946 இல் மலையகத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம். நாட்டு மக்களில் எண்மருக்கு ஒருவர் என்னும் அளவை அண்மியிருந்தனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலார் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, 1,50,000 பேரைப் பின்னர் ஆராய்தற்கு ஒதுக்கியது. இத்தொகைகள் வட்டமாக முடிவதைக் கவனித்தல் வேண்டும். குடிகளை எண்ணும் கணக்கில் அத்தகைய வட்டமான எண்கள் அமைவதில்லை. பங்கிடும் கணக்கிலேதான் அமையும். மலைச்சாரலிற் பிறந்து வளர்ந்தோர் தாம் காணாத ஊருக்குக் கப்பலேறினர்.

பெருக்கம் எவ்வாறு தணிந்தது என்பதும் ஆராயத்தக்கது. 1953 இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 5 பிள்ளைகளுக்கு மேற் பிறந்தன. 20 ஆம் நூற்றாண்டு முடியும்போது அது 2 அளவிற்குக் குறைந்தது. 1953 இல் தொடங்கிய குடும்பத் திட்டச் சங்கமும் அரசின் சுகாதாரப் பணியும் இதற்கு உதவின. எனினும் பெண்கள் கல்வி கற்றமையும், அதனால் திருமண வயது உயர்ந்தமையும் முதன்மையான காரணங்களாகும். குழந்தை பிழைக்கும் என்ற உறுதி பெற்ற தாய், பல குழந்தைகளைப் பெறவேண்டிய தேவையினின்று விடுபட்டாள். இறப்பைக் குறைத்த பள்ளியும் மருத்துவமனையுமே காலப்போக்கிற் பிறப்பையும் குறைத்தன.

இன்று நிலைமை வேறு. 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் தொகை 2 கோடியே 17 இலட்சமாயினும், ஆண்டு வளர்ச்சி நூற்றுக்கு அரைப் பங்களவேயாகும். 2013 இல் 3 இலட்சத்து 60 ஆயிரத்தைக் கடந்த பிறப்புகள் 2023 இல் இரண்டரை இலட்சத்துக்குக் குறைந்தன. முன்னர்ப் பிள்ளைகளின் மிகுதியை எண்ணி அஞ்சிய நாடு, இனி முதியோரைப் பேணும் வகையை எண்ணவேண்டியுள்ளது.

அக்குறணைக் கடைவீதியில் வெள்ளம் புகும்போது நாட்டின் மக்கள் தொகையைப் பழித்தல் பயன் தராது. ஆற்றுக்கு விடவேண்டிய இடம் எவ்வளவு, மனைக்குரிய நிலம் எங்கே, அதனை யார் பெற்றனர் என்பவற்றை ஆராய்தலே தக்கது. குடிசன மதிப்பு ஏடு தலைகளை எண்ணித் தருகின்றது. அவ்வெண்களுக்குப் பின்னே நடந்துவந்த கால்களையும், பிழைத்த குழந்தைகளையும், கப்பலேற்றப்பட்ட குடும்பங்களையும் காண்பது வரலாறு கற்போரின் பொறுப்பாகும்.